நலவாழ்வுப் பாடம்: அலமாரியில் இருக்கும் தைலக் குப்பி

வாசிக்க: யாத்திராகமம் 30:22-33, லூக்கா 10:30-37



  

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு நோயைப் பற்றியோ, ஒரு தடுப்பூசியைப் பற்றியோ எழுதுவோம். இம்முறை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு சிறு குப்பியைப் பற்றி எழுதுகிறோம். இதை எழுத எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் தகப்பன் ஓடி வந்தார். பின்னாலேயே பாட்டியும் வந்தார்கள். குழந்தைக்கு நினைவில்லை. அவசரப் பிரிவின் படுக்கையில் கிடத்தும்போதே வலிப்பு வந்தது. அருகில் குனிந்த சிஸ்டருக்குக் குழந்தையின் மூச்சிலேயே விடை கிடைத்தது. நீலகிரித் தைலத்தின் நெடி!

"இருமல் மருந்துன்னு நெனச்சு ஒரு பாலாடை குடுத்துட்டேன் டாக்டரம்மா. கரண்ட் இல்ல, இருட்டு. குப்பி அதே மாதிரி இருந்துச்சு" என்று பாட்டி அழுதார்கள்.

மூச்சுப்பாதை அடைபடாமல் பாதுகாத்து, ஆக்சிஜன் கொடுத்து, வலிப்பை நிறுத்தும் ஊசி போட்டோம். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. உடல் அதைத் தானே வெளியேற்றும் வரை உயிரைக் காத்து நிற்பதே சிகிச்சை. விடியற்காலையில் குழந்தை கண் விழித்து, "ஆச்சி" என்று கூப்பிட்டது. மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனது. தேவனுக்கே மகிமை.

பாட்டி அந்தக் குப்பியையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தலை குனிந்தது. அது அறுப்பின் பண்டிகை விற்பனையில் நாங்களே விற்ற குப்பி. மருந்தகத்தில் சேர்ந்த பழைய இருமல் மருந்துக் குப்பிகளைக் கழுவிக் காயவைத்து, தைலத்தை நிரப்பி, பசையால் ஒரு காகிதச் சீட்டு ஒட்டி விற்றோம். தைலம் வழிந்ததும் பசை இளகிச் சீட்டு உரிந்து போயிற்று. மிஞ்சியது இருமல் மருந்துக் குப்பிதான். "ஆஸ்பத்திரிக்கு உதவுமேன்னுதான் வாங்கினேன்" என்றார்கள் பாட்டி. அந்தச் சொல் இன்னும் எங்கள் நெஞ்சில் இருக்கிறது.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் இதை எழுதுகிறோம். தவறு அந்த மூதாட்டியுடையது அல்ல, எங்களுடையது. இப்படிப்பட்ட குப்பிகள் உங்களில் சிலர் வீட்டிலும் இருக்கலாம். ஆகவே இந்தப் பாடத்தைத் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

1. எண்ணெய் வேறு, தைலம் வேறு

நம் மொழியில் "தைலம்" என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. மூலிகைகளை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ போட்டுக் காய்ச்சுவது ஒரு வகை. இலை, பட்டை, மொட்டு ஆகியவற்றின் சத்தை நீராவியில் வடித்தெடுப்பது மற்றொரு வகை. நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், சிட்ரோனெல்லா, லாவெண்டர் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பெயரில் எண்ணெய் என்றிருந்தாலும் இவற்றில் சமையல் எண்ணெயின் குணம் எதுவும் இல்லை. ஒரு துளியைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்காகத் தங்கும். வடித்த தைலம் கறையின்றி ஆவியாகிவிடும்.

தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுக்காக நீலகிரியில் பெருமளவில் நட்டார்கள். அதன் இலையை ஏறக்குறைய 100 கிலோ வடித்தால் 1 கிலோ அளவே தைலம் கிடைக்கும். அப்படியானால் ஒரு சிறு கரண்டித் தைலம் என்பது ஒரு கூடை இலையின் சாரம். இலையை வெந்நீரில் போட்டுக் குளித்த நம் முன்னோருக்குத் தீங்கு வரவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் பயன்படுத்தியது இலை. நம் கையில் இருப்பது அதன் சாரம்.

யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். அபிஷேக தைலத்துக்குத் தேவன் மோசேயிடம் பொருள்களின் பெயரை மட்டும் சொல்லவில்லை. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500 என்று நிறையும் சொன்னார். அவற்றை ஒலிவ எண்ணெயில் கலக்கச் சொன்னார். யார் செய்ய வேண்டும், எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்றும் சொன்னார். அது பரிசுத்தத்தைக் குறித்த கட்டளை, மருத்துவப் பாடம் அல்ல. ஆனாலும் அளவு, கலவை, பயன், எல்லை ஆகிய நான்கையும் அங்கே ஒன்றாகக் காண்கிறோம். நம் வீட்டுத் தைலத்துக்கும் இந்த நான்கும் வேண்டும்.

2. நம் வீடுகளில் அதிகம் காணும் நான்கு

*நீலகிரித் தைலம்.* விழுங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கமும் வலிப்பும் வரலாம். சிறு குழந்தைக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, உயிருக்கே ஆபத்து. சளிக்கு நல்லது என்று தேனிலோ சர்க்கரையிலோ சொட்டுவிட்டுக் கொடுக்கும் வழக்கம் அறவே வேண்டாம்.

*கற்பூரம்.* தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிக் குழந்தையின் மார்பில் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்போடு செய்வதுதான். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். குழந்தையின் தோல் மெல்லியது, உடலும் சிறியது. விழுங்கிவிட்டால் வலிப்பு திடீரென்று வரும். 1 கிராம் கற்பூரமே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவ நூல்களில் பதிவு உண்டு. அமெரிக்காவில் கற்பூர எண்ணெயை விளக்கெண்ணெய் என்று தவறாக எண்ணிக் கொடுத்துப் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டதால், 1982-இல் அந்த எண்ணெயின் விற்பனையையே நிறுத்தினார்கள். எங்கள் குப்பியின் கதையும் இதுதான். ஊர்தான் வேறு.

*விண்டர்கிரீன் தைலம்.* ஊட்டிக்குப் போகிறவர்கள் மூட்டுவலிக்கென்று தவறாமல் வாங்கி வருவது. இதில் பெரும்பகுதியாக இருப்பது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் 20-க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம்! குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் இதையும், இது கலந்த வலித் தைலங்களையும் தேய்க்கக் கூடாது. இரத்தக் கசிவு ஏற்படலாம். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பையை வைப்பதும், துணியால் இறுக்கிக் கட்டுவதும் தோலைப் புண்ணாக்கும், உள்ளே சேரும் அளவையும் கூட்டும்.

*கிராம்புத் தைலம்.* பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்போம். சற்று மரத்துப்போகும், உண்மைதான். ஆனால் நேரடியாக வைத்தால் ஈறு வெந்துவிடும். வலி அடங்கினாலும் பல்லின் சொத்தை அடங்குவதில்லை. குழந்தை இதை விழுங்கினால் கல்லீரல் கெடும். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இதைத் தடவ வேண்டாம்.

3. பெரியவர்கள் தேய்த்துக்கொள்வது எப்படி?

வடித்த தைலத்தை அப்படியே தோலில் தேய்க்கக் கூடாது. கலக்கும் அளவு இதுதான்: 30 மில்லி (இரண்டு மேசைக்கரண்டி) தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டுத் தைலம். இது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. முதியவர்களுக்கும் மென்மையான தோல் உடையவர்களுக்கும் இதுவே போதும். மற்றவர்கள் 12 சொட்டு வரை போகலாம். சூடு தெரியவில்லையே என்று மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். எரிச்சல் தோல் அழுவதற்கு அடையாளம். அதைக் குணமாவதற்கு அடையாளமாக எண்ணக் கூடாது.

முதல் முறை பயன்படுத்துமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஒத்துவராது. புண்ணிலும், கண்ணருகிலும் தடவ வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த தைலம் காற்றுப்பட்டுக் கெட்டுத் தோலை அதிகம் அரிக்கும். அதைப் பாட்டி காலத்துத் தைலம் என்று பத்திரப்படுத்த வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வாசனை விளக்குகளும் தைலப் புகையும் வேண்டாம். சிலருக்கு அந்த வாசனையே மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும். கொசுவுக்குச் சிட்ரோனெல்லா தடவுகிறவர்களும் அதன் பலன் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். டெங்கு காலத்தில் அதை மட்டும் நம்பாமல், கொசுவலை கட்டுங்கள், தேங்கிய நீரை அகற்றுங்கள்.

4. ஆவி பிடித்தல்

2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனா நாட்களில் ஆவி பிடிக்காத வீடு இல்லை. ஆவி மூக்கடைப்பைச் சற்று இளக்கும். கிருமியைக் கொல்லாது. வெறும் வெந்நீர் ஆவியே போதுமானது. தைலம் விட விரும்பும் பெரியவர்கள் இரண்டு மூன்று சொட்டோடு நிறுத்திக்கொண்டு, கண்களை மூடிக்கொள்ள வேண்டும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசைமேல் வைத்து, அருகில் பிள்ளைகள் இல்லாமல் செய்ய வேண்டும். எரியும் அடுப்பருகே தைலக் குப்பியைத் திறக்க வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும்.

சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். போர்வைக்குள் பயந்து காலை உதைத்து, கொதிநீரைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்த எங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சளி ஒரு வாரத்தில் போய்விடும். வெந்த தழும்பு போகாது.

5. குழந்தைக்குச் சளி பிடித்தால்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம், மென்தால், நீலகிரித் தைலம் கலந்த எதையும் மூக்கிலும் மார்பிலும் தடவக் கூடாது. மூக்கருகே தடவிய மென்தால் சில குழந்தைகளுக்குத் தொண்டையை இறுக்கி மூச்சையே நிறுத்திவிடும். மேலும் மென்தால் தரும் குளிர்ச்சி மூச்சு எளிதானதுபோல் ஓர் உணர்வைத் தருகிறதே தவிர, உண்மையில் அடைப்பைத் திறப்பதில்லை. வீடு முழுவதும் தைல வாசம் இருக்கும், குழந்தை தூங்குவதுபோல் இருக்கும். உள்ளே நிமோனியா முற்றிக்கொண்டிருக்கும். விஷமாவதைவிட இதற்கே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

ஆகவே தைலத்தைத் தேடுமுன் கடிகாரத்தை எடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்,
2 முதல் 11 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்,
1 முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்,

இப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எண்ணிக்கை எதுவானாலும் தாமதிக்கக் கூடாது. மூக்கடைப்புக்கு மட்டும் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தும், அடிக்கடி தாய்ப்பாலும், தாயின் மடியுமே போதும்.

6. விழுங்கிவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புநீர், புளித்தண்ணீர், சோப்பு நீர், தொண்டைக்குள் விரல் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்கும்போது தைலம் நுரையீரலுக்குள் புரையேறினால் கேடு இரட்டிப்பாகும். பால், மோர், எண்ணெய் எதையும் புகட்ட வேண்டாம்.

"நன்றாகத்தானே இருக்கிறான், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் நிலைமை மாறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். நம் மருத்துவமனைதான் வேண்டும் என்று அதைத் தாண்டி வர வேண்டாம். குப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை.

கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். தோலில் கொட்டினால் நனைந்த துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாங்கள் மாற்றியவை

அந்த இரவுக்குப் பிறகு மருத்துவமனைக் குழு கூடியது. ஜெபித்தோம். பின்பு ஒருவர்மேல் ஒருவர் பழி போடாமல் தீர்மானங்கள் எடுத்தோம். தைல விற்பனையை அடியோடு நிறுத்திவிட்டோம். காலி மருந்துக் குப்பிகளை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி நிரப்புவதில்லை. விற்பனை மேசையில் இனி கைத்தறித் துண்டுகளும் ஊறுகாயும் இருக்கும். அந்த வருமானம் குறையும் என்று தெரியும். குழந்தை வார்டுக்கு உதவ எண்ணிச் சேர்க்கும் பணம் குழந்தையை வார்டுக்கு அனுப்புவதாய் இருக்கக் கூடாது.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு நிற்கவில்லை. காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணமும் கொடுத்தான், திரும்பி வருவேன் என்றும் சொன்னான். அன்பு என்பது நல்ல எண்ணம் மட்டுமல்ல, கடைசிவரை கவனித்துப் பார்ப்பதும் அன்புதான். நாங்கள் நல்ல எண்ணத்தோடு குப்பியை நிரப்பினோம். கவனிக்கத் தவறினோம். ஆண்டவர் எங்களை மன்னித்து, குழந்தையையும் காத்தார்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது

1. எங்களிடம் வாங்கிய தைலக் குப்பி இருந்தால் பயன்படுத்தாதீர்கள். ஆலயத்தில் உங்கள் போதகரிடம் கொடுத்தால் நாங்கள் பெற்றுக்கொள்வோம். பணத்தைத் திருப்பித் தருவோம்.

2. வீட்டிலுள்ள மற்றத் தைலங்களை வாங்கிய கண்ணாடிக் குப்பியிலேயே, மூடியை இறுக்கி, பூட்டிய உயர்ந்த அலமாரியில் வையுங்கள். குடிக்கும் மருந்துகளோடு சேர்த்து வைக்க வேண்டாம். தலையணைக்கடியிலும் சன்னல் விளிம்பிலும் வேண்டாம்.

3. பெயர் தெரியாத குப்பியை முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

4. இரவில் மருந்து கொடுக்குமுன் விளக்கைப் போடுங்கள். மின்சாரம் இல்லையானால் டார்ச் வெளிச்சத்தில் பெயரை வாசித்தபின் ஊற்றுங்கள். கண் மங்கலான பெரியவர்களிடம் இந்தப் பொறுப்பை விடாமல், வாசிக்கத் தெரிந்த ஒருவர் உதவுங்கள்.

பெண்கள் ஐக்கியத்திலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் கலந்து பேச

அ. நல்ல நோக்கத்தோடு செய்து தீங்கில் முடிந்த காரியம் உங்களுக்கு நினைவில் உண்டா? அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?

ஆ. உங்கள் சபையின் விற்பனைகளில் வீட்டில் நிரப்பிய குப்பிகள் எவை? அவற்றில் என்ன மாற்றம் தேவை?

இ. குழந்தையின் மூச்சை எண்ண உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுங்கள்.

ஜெபக் குறிப்புகள்

உயிர் தப்பிய குழந்தைக்காகத் துதியுங்கள். அந்தப் பாட்டியின் மனபாரம் நீங்க ஜெபியுங்கள். குற்றம் தன்னுடையது என்றே அவர்கள் இன்னும் எண்ணுகிறார்கள். இரவுப் பணியில் இருக்கும் நம் சிஸ்டர்மாருக்காகவும், அவசரப் பிரிவின் தேவைகளுக்காகவும் ஜெபியுங்கள். இந்தப் பாடத்தை வாசித்து முடித்ததும் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பாருங்கள். அதையே இம்மாதம் உங்கள் முதல் காணிக்கையாக ஏற்றுக்கொள்வோம்.

கர்த்தருடைய பணியில் உங்கள் அன்பின் ஊழியர்கள்,
மருத்துவமனைக் குடும்பத்தார்